ஜன்னலில் கிடந்த கை

பழவேற்காட்டு நாகமுத்துவுக்கு வலது கை கறுப்பு, இடது கை மாநிறம். கார் ஓட்டும்போது வலது முழங்கையை ஜன்னலில் வைத்துவிடுவார். புறங்கை வெளியே தொங்கும். ஸ்டியரிங்கில் இருப்பது இடது கை மட்டும்தான். பொன்னேரி பஜாரில் எதிரே மாட்டுவண்டியும் பக்கத்தில் பஸ்ஸும் நெருக்கினாலும், கப்பல் மாதிரி இருக்கும் அந்த பிளைமவுத் காரை இரண்டு விரலால் வளைத்துக்கொண்டு போய்விடுவார். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது.

1966இலிருந்து 1973 வரை எங்கள் பக்கத்தில் ஸ்டைல் என்றால் நாகமுத்துதான். நான் அப்போது கும்மிடிப்பூண்டியில், மெட்ராஸிலிருந்து வடக்கே போகும் ஜி.என்.டி. ரோட்டோரம் லாரி எடை மேடையில் குமாஸ்தா. அவரைப் பார்த்துப் பார்த்து, சைக்கிளில் ஒரு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு போய், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டேன். அந்தப் பல்லுக்காக இன்னும் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆகவே இதை அவரைப் புகழ எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

விஷயம் என்னவென்றால், ஜன்னலில் கிடந்த அந்தக் கை தூக்க வராத கை. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாகமுத்து ஏரியில் மீன் பிடிக்கிற வீட்டில் பிறந்தவர். அண்ணன்மார் படகுக்குப் போக, இவர் மட்டும் லாரியில் கிளீனராக ஏறி, லைசென்ஸ் எடுத்து, மெட்ராஸுக்கும் நெல்லூருக்கும் லோடு அடித்தார். 1963 மார்கழியில் ஒரு காலை, குளிரில் இன்ஜின் பிடிக்கவில்லை. முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினார். இன்ஜின் எதிர்ப்பக்கமாக உதைத்தது. அந்தக் காலத்து லாரிக்காரர்களில் ஹேண்டில் அடி வாங்காதவர் குறைவு. சிலருக்கு மணிக்கட்டோடு போகும். இவருக்குத் தோளைப் பிய்த்துவிட்டது. கட்டுப் போட்டவர் நாற்பத்தைந்து நாள் அசைக்கக்கூடாது என்றார். வண்டியை வேறொருத்தனுக்குக் கொடுத்துவிடுவார்களே என்ற அவசரத்தில் இவர் இருபதாம் நாளே கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு வண்டியில் ஏறினார். வண்டியும் போயிற்று, தோளும் போயிற்று. விரல் பிடிக்கும், முழங்கை மடங்கும். தோளிலிருந்து மட்டும் கை எழும்பாது.

அதை மறைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. சாப்பிடும்போது வாயை இலைக்குக் கொண்டுபோவார். பார்க்கிறவர்கள் பேராசைக்காரன் என்பார்கள். யாருக்கும் சலாம் போட மாட்டார். திமிர் பிடித்தவன் என்பார்கள். பேராசைக்காரன், திமிர் பிடித்தவன் என்ற பேரோடு இருந்துவிடலாம். கை விளங்காதவன் என்ற பேரோடு டிரைவராக இருக்க முடியாது. அவருடைய மனைவி பச்சையம்மாவைத் தவிர உண்மை யாருக்கும் தெரியாது.

மூன்று வருஷம் அவர் பழவேற்காட்டில் அசன் முகைதீன் பாயின் கருவாட்டுக் கிடங்கில் மூட்டை எண்ணும் வேலை பார்த்தார். 1966இல் பாய் மெட்ராஸில் ஏதோ வெளிநாட்டு ஆபீஸ் ஏலம் விட்ட பிளைமவுத்தை வாங்கி வந்தார். அதில் கியர் தானாக மாறும். ஸ்டியரிங்கோ பவர் ஸ்டியரிங். இன்ஜினோடு சேர்ந்து ஒரு பம்பு ஓடி எண்ணெயை அழுத்தித் தள்ளும், அந்த அழுத்தம் சக்கரத்தைத் திருப்பிவிடும். ஓட்டுகிறவர் விரலைக் காட்டினால் போதும்.

அந்த விரலைக் காட்டுவதுதான் எங்கள் ஊர் டிரைவர்களுக்கு வரவில்லை. லாரியிலும் ஜீப்பிலும் உடம்பையே சாய்த்து ஸ்டியரிங்கை இழுத்துப் பழகிய கைகள். பாய் மூன்று பேரை வைத்துப் பார்த்தார். முதல் ஆள் வழக்கம்போல இழுத்தார், கார் துள்ளிப் போய்ப் பனைமரத்தை முத்தமிட்டது. இரண்டாவது ஆள் குப்பைமேட்டில் ஏற்றினார். மூன்றாவது ஆள் அதைப் பார்த்துவிட்டு நாஷ்டா சாப்பிட்டு வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை. நானே ஓட்டுகிறேன் என்று பாய் உட்கார்ந்து தன் வீட்டு மதில் சுவரையே இடித்தார். அதன்பிறகுதான் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த நாகமுத்து, "மொதலாளி, நா ஒரு தபா பாக்கட்டா?" என்று கேட்டார்.

வேறு வழியில்லாமல் இடது கையின் இரண்டு விரலால்தான் அவர் ஓட்டினார். அந்த வண்டிக்கு வேண்டியதும் அதுதான். கிடங்கைச் சுற்றி, ஏரிக்கரை வரை போய்த் திரும்பி வந்து, நிறுத்திய இடத்திலேயே நிறுத்தினார். "இவன்தான் டிரைவரு!" என்று பாய் கத்தினாராம். வலது கை சும்மா ஜன்னலில் கிடந்ததைப் பார்த்து, இவ்வளவு அலட்சியமாக ஓட்டுகிறானே என்று அவருக்கு ஒரே பெருமை.

ஏழு வருஷம் இப்படி ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நாகமுத்து பொன்னேரி பஜார் நடுவில் வைத்து மறைத்தார்.

1973இல் ஸ்டியரிங் பாக்ஸ் தேய்ந்தது. ஸ்டியரிங்கைக் கால் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போயிற்று. நேர் ரோட்டில் கார் குடித்தவன் நடை நடந்தது. வீட்டு முற்றத்து மணலில் எண்ணெய் சொட்டிக் கறுப்பாகத் திட்டு விழுந்தது. வாரம் ஒரு டப்பா எண்ணெய் ஊற்றியும் போதவில்லை. நாகமுத்து பாயையும் ஏற்றிக்கொண்டு காரை மெதுவாகக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவந்தார். என் எடை மேடைக்கு எதிரே பாக்கியநாதன் மேஸ்திரியின் ஷெட். கல்கத்தா போகிற லாரிகூட அவரிடம் காட்டிவிட்டுத்தான் ஆந்திராவுக்குள் நுழையும்.

பாக்கியநாதன் பாக்ஸைக் கழற்றிப் பலகையில் பரப்பினார். உள்ளே பால்ரஸ் குண்டுகள் ஓடும் தடம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. வட்டமாக இருக்க வேண்டிய புஷ் முட்டை வடிவமாகியிருந்தது. எண்ணெயைத் தடுக்கும் வாஷர்கள் கையோடு உதிர்ந்து வந்தன.

"இத்த ரிப்பேர் பண்ண முடியாது பாய். புச்சா பாக்ஸ்தான் போடணும். பம்பாய்லேர்ந்து வரவழைக்கணும்" என்று சொல்லி விலையையும் சொன்னார்.

அசன் முகைதீன் பாய் பெஞ்சில் உட்கார்ந்தார். "அந்த டப்புக்கு நா இன்னொரு காரே வாங்குவேன்."

"யானை வாங்கினீங்க, அங்குசத்துக்கு யோசிக்கிறீங்களே."

"யானை வாங்கறப்போ பெட்ரோல் இந்த வெல விக்கில மேஸ்திரி. இருவத்தஞ்சு நாள்ல என் பொண்ணு சைதாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ள ஊட்டுக்காரங்க பொன்னேரி ஸ்டேஷன்ல எறங்கறாங்க, வண்டி வேணும். கொறஞ்ச செலவுல இன்னா வழி, அத்த சொல்லு."

பாக்கியநாதன் கெட்டிக்காரர். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு வழி சொன்னார். பவரே வேண்டாம், சாதா பாக்ஸ் போட்டுவிடலாம். பழைய டாட்ஜ் கார் பாக்ஸ் மெட்ராஸ் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். போல்ட் துளை மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும், நடுவே ஒரு இரும்புத் தகடு வெட்டி வைத்தால் உட்கார்ந்துவிடும். பம்பைக் கழற்றி மூலையில் போடலாம். பத்தில் ஒரு பங்கு செலவு. "ஸ்டியரிங்கு கொஞ்சம் கட்டியா இருக்கும். அதனால இன்னா, நம்ம நாகமுத்து அண்ணன் லாரி ஓட்னவருதானே" என்றார்.

பாய்க்கு முகம் மலர்ந்தது. "நாகமுத்து, நீயே புதுப்பேட்டைக்குப் போ. உன் கைக்கு எது ஒத்து வருதோ அத்தப் பாத்து எட்த்துக்கினு வா."

நாகமுத்து தலையாட்டினார். அப்போது அவர் முகம் வெளுத்ததை நான் எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று தடவை அவர் புதுப்பேட்டைக்குப் போனார். அவர் தேடியது வேறு. அதே பவர் பாக்ஸ், பழசாக ஒன்று, எங்காவது நசுங்கிய காரில் கிடைத்தால் போதும். கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஒரே ஒரு கடையில் ஒன்று இருந்தது. அதன் உடம்பில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. சாதா பாக்ஸ்கள் நல்லதாகவே இருந்தன. அவர் ஒன்றில் துரு என்றார், ஒன்றில் பல் தேய்ந்திருக்கிறது என்றார், மூன்றாவதைப் பார்க்காமலே திரும்பினார். தன் வேலைக்கு வேட்டு வைக்கிற பொருளைத் தானே வாங்கி வர எவனுக்குத்தான் மனம் வரும்?

நாலாவது தடவை பாக்கியநாதனே போனார். கடைக்காரர் சொல்லிவிட்டார்: "உங்க டிரைவரு மூணு நல்ல பாக்ஸ வேணாம்னுட்டுப் போனாரே."

இங்கே எங்கள் ரோட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டயரோ பேட்டரியோ, எதை எந்தக் கடையில் வாங்கினாலும் வாங்க வந்த டிரைவருக்குக் கடைக்காரர் கொஞ்சம் கொடுப்பார். கொடுக்காத கடையின் சாமானில் டிரைவர் குறை கண்டுபிடிப்பார். நல்ல சாமானை ஒரு டிரைவர் நொட்டை சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஜி.என்.டி. ரோட்டில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். எனக்கும் அதுதான் தோன்றியது. நாகமுத்து கூடவா என்று மனசுக்குள் ஒரு இளக்காரம்கூட வந்தது.

பாக்கியநாதன் பாக்ஸை வாங்கிக்கொண்டு வந்து ஷெட்டில் வைத்துவிட்டு, நாகமுத்துவைத் தனியே கூப்பிட்டார். தனியே என்றால் என் மேடைக்குப் பக்கத்தில்.

"எவ்ளோண்ணே வேணும்? தொறந்து கேட்டுடுங்க. நம்மளுக்குள்ள இன்னா."

நாகமுத்து ரோட்டைப் பார்த்தார்.

"பதினஞ்சு தரேன்."

பேசவில்லை.

"இருவது. அதுக்கு மேல எனக்கே நிக்காது நைனா."

நாகமுத்து பஸ் ஏறப் போனார். இருபதும் போதவில்லை என்று பாக்கியநாதன் புரிந்துகொண்டார். அன்று சாயங்காலமே பழவேற்காட்டுக்கு ஆள் மூலம் செய்தி போயிற்று: உங்கள் டிரைவர் கமிஷனுக்கு அலைகிறார், அதனால்தான் இவ்வளவு தாமதம், நீங்கள் எதற்கும் கவனமாக இருங்கள்.

அந்த நாட்களில் வீட்டில் நடந்ததைப் பச்சையம்மா பல வருஷம் கழித்து என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

"சொல்லித் தொலையேன்யா. கை வரலன்னு ஒரு வார்த்த சொல்லு."

"சொன்னா வேல போவும்."

"சொல்லலன்னா பேரு போவும்."

"ரெண்டுல எது போனா உனுக்குப் பரவால்ல?" என்று நாகமுத்து கேட்டாராம். மூன்று பிள்ளைகள், வேறு வண்டி ஓட்ட முடியாத புருஷன், அவளால் என்ன சொல்ல முடியும்?

நாலு நாளில் பாக்ஸ் பூட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்து பாய் பஸ்ஸில் கும்மிடிப்பூண்டி வந்து இறங்கினார். முகம் சரியில்லை. நாகமுத்துவைத் தாண்டிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். பாக்கியநாதன் மட்டும் உற்சாகமாக, "எடுங்கண்ணே, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்றார்.

ஷெட் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு கார் நீளம்தான் இடம். எதிரே ஒரு லாரி நின்றது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால்தான் கார் வெளியே வரும். நாகமுத்து உட்கார்ந்தார், ஸ்டார்ட் செய்தார், இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. உடம்பைச் சாய்த்து இழுத்தார். நாலு விரற்கடை வந்து நின்றது. நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு வழியாக இறங்கியது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். நானும் பேனாவை மூடிவிட்டுப் போனேன். கூட்டம் என்றால் போய் நிற்பது எனக்கு ஒரு வியாதி.

"இன்னா நாகமுத்து, கமிஷன் வந்தாத்தான் வண்டி திரும்புமா?" என்றார் பாய்.

நாகமுத்து இன்ஜினை நிறுத்தினார். இறங்கினார். இடது கையால் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அதற்கு நேரம் பிடித்தது. சட்டையைத் தோளிலிருந்து தள்ளினார். தோள் உருண்டை இருக்க வேண்டிய இடத்தில் குழி. அதன் கீழே கை, வேறொருவருடைய கையைக் கொண்டுவந்து மாட்டியதுபோலத் தொங்கியது.

"ஒத்தப் பைசா நா யாராண்டையும் வாங்கினதில்ல மொதலாளி. இந்தக் கையி தூக்க வராது. பத்து வருசமா வராது. உங்க வண்டி ஒண்ணுதான் நா ஓட்டக்கூடிய வண்டி. அதான் வேற பாக்ஸு தேடினேன். கெடைக்கில."

சாவியை பானெட் மேல் வைத்தார். சட்டையைப் போட்டுக்கொள்ளாமல் தோளில் தொங்கவிட்டபடியே பஸ் நிறுத்தத்துக்குப் போனார். என்னைக் கேட்டால், வேலையா பேரா என்று வந்தபோது மனிதர் பேரை எடுத்துக்கொண்டார். அந்த நிமிஷம் எனக்கு என் பல் ஞாபகம் வந்தது. இந்தக் கையைப் பார்த்தா காப்பி அடித்தோம் என்று வெட்கமாக இருந்தது.

பாய்க்குக் கோபம் தலைக்கேறியது. அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். "ஏழு வருசம்! எங்க ஊட்டுப் பொம்பளைங்கள, புள்ளைங்கள, ஒத்தக் கையில வச்சு ஓட்டினுருந்தானா? எதுனா ஒண்ணு ஆயிருந்தா?" என்று கத்தினார். வேறு டிரைவர் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அன்று காரைப் பழவேற்காட்டுக்கு ஓட்டிப் போனது பாக்கியநாதன். எவ்வளவு வேண்டும் என்று தான் கேட்ட கேள்வி வழி நெடுக மேஸ்திரியை மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

பாயின் வீட்டில் நடந்ததை பாக்கியநாதன் முற்றத்தில் நின்றபடி கேட்டார். பாய் உள்ளே போய் மனைவி பத்ருன்னிசாவிடம் எல்லாவற்றையும் உரக்கச் சொன்னார். அந்த அம்மாள் இந்த ஏழு வருஷமும் திரைபோட்ட பின்சீட்டில் உட்கார்ந்து போனவர். கணவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"கையி. மொத நாளே தெரியும். வண்டி எடுக்கறதுக்கு முந்தி, காலர சரிபண்றாப்ல குனிஞ்சு, இந்தக் கையால அந்தக் கையத் தூக்கி ஜன்னல்ல வெச்சாரு. திரை இடுக்கு வழியா முன்னாடி கண்ணாடில பாத்தேன். தூங்கற புள்ளயத் தூக்கி வெக்கிறாப்ல வெச்சாரு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"ஒரு வாரம் சீட்டக் கெட்டியாப் புடிச்சுக்கினு பாத்தேன். எட்டாவது நாள் விட்டுட்டேன். அந்த மழை வருசம் ரோட்டு மேல தண்ணி ஓடறப்போ சைதாவ ஜுரத்தோட பொன்னேரிக்குக் கொண்டுபோனாரே, ஒரு குலுக்கல் இல்ல, மடியில தூங்கின புள்ள முழிக்கவேயில்ல. உங்களாண்ட சொன்னா நீங்க நிறுத்திடுவீங்க. அடுத்து வர்றவன் எப்டி ஓட்டுவானோ, யாரு கண்டா?"

"ஒத்தக் கைடி!"

"நீங்க ரெண்டு கையாலதானே மதில இடிச்சீங்க" என்றார் பத்ருன்னிசா.

முற்றத்தில் நின்ற பாக்கியநாதனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே பாய் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். கடைசியில், "இப்ப பாக்ஸ மாத்தியாச்சே. ஒத்தக் கையால திருப்ப முடியாதே" என்று முணுமுணுத்தார். அப்போதே அவர் பாதி இறங்கிவிட்டார்.

"மாத்தினவரு வாசல்லதானே நிக்கிறாரு. அவரக் கேளுங்க."

வழி பண்ணுகிறேன் என்று பாயிடம் சொல்லிவிட்டு, பாக்கியநாதன் நேராக நாகமுத்துவின் வீட்டுக்குப் போனார். பச்சையம்மா உள்ளே வா என்று சொல்லவில்லை. மேஸ்திரி வாசலில் நின்றபடியே, "கமிஷன்னு சொன்னது நாந்தாண்ணே. மன்னிச்சுக்கங்க" என்றார்.

"நீ அப்டி நெனச்சதுகூடப் பரவால்ல மேஸ்திரி" என்றார் நாகமுத்து. "பதினஞ்சுலேர்ந்து இருவதுக்கு ஏத்தினியே, மாட்டுக்கு வெல பேசறாப்ல, அதான் ராத்திரிலாம் தூக்கம் வரல."

அப்புறம் கார் மறுபடி ஷெட்டுக்குப் போய் வேலை நடந்தது. ஒரு வாரம் பாக்கியநாதன் லாரிகளைக் காக்க வைத்துவிட்டு இந்த ஒரு காரோடு கிடந்தார். முன் சக்கரத்துக் கிங் பின்களைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் அடைத்தார். முன் டயரில் காற்றைக் கூட்டினார். அழகான வெள்ளை ஸ்டியரிங் வளையத்தைக் கழற்றிவிட்டு, பழைய லாரி ஒன்றின் பெரிய கறுப்பு வளையத்தை மாட்டினார். வளையம் பெரிதானால் இழுக்கிற பலம் குறைவாகப் போதும். அது காருக்குக் கொஞ்சம்கூடப் பொருந்தவில்லை. மணப்பெண் கையில் கொல்லன் சுத்தியல் கொடுத்ததுபோல் இருந்தது.

அப்போதும் ஒன்று பாக்கி. முழுக்க ஒடிக்க ஐந்து சுற்று சுற்ற வேண்டும். இரண்டு கை இருந்தால் மாற்றி மாற்றிப் பிடிக்கலாம். ஒரு கை ஒவ்வொரு தடவையும் விட்டுப் பிடித்தால் அதற்குள் சக்கரம் திரும்பிக்கொள்ளும். விடாமல் சுற்ற வளையத்தின் மேல் ஒரு குமிழ் வேண்டும். உள்ளங்கைக்கு அடக்கமாக, தானும் சுழல்வதாக. பாக்கியநாதன் மரத்தில் கடைந்து பார்த்தார், வெடித்தது. விஷயம் பத்ருன்னிசா காதுக்குப் போயிற்று. உடைந்த கட்டில் ஒன்றின் பித்தளைக் குமிழைத் துடைத்துக் கொடுத்தனுப்பினார். பாக்கியநாதன் அதற்குள் சின்ன பேரிங் ஒன்றை வைத்து, லேத்தில் போல்ட் கடைந்து, வளையத்தில் பூட்டினார்.

ஏரிக்கரை மணல் திடலில் நாகமுத்து பழகினார். நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, சக்கரம் ஓர் அங்குலமாவது உருளத் தொடங்கிய பிறகே சுற்ற வேண்டும் என்பதை இரண்டாம் நாள் கண்டுகொண்டார். ஐந்தாம் நாள் ஒரே மூச்சில் எட்டுப்போட்டார். பாய் பனைமர நிழலில் நின்று பார்த்தார். போய்க் காரில் முன்சீட்டில் உட்கார்ந்தார். பொன்னேரி வரை போய்த் திரும்பி வந்தார்கள். அவர் பேசிய ஒரே பேச்சு, இறங்கும்போது, "சலாம் போடாததுக்குக் காரணம் இதானா?" என்பதுதான்.

"ஆமா மொதலாளி."

"திமிருன்னு நெனச்சுக்கினு நா எல்லாராண்டயும் பெருமையா சொல்லினுருந்தேன்" என்றார் பாய்.

நிக்காஹுக்கு முந்தின நாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களை அழைத்துவர பத்ருன்னிசாவும் இன்னும் இரண்டு பெண்களும் பின்சீட்டில் ஏறினார்கள். திரையை இழுத்துவிட்டாயிற்று. நாகமுத்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். பழக்கம் போகுமா? காலரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, ஜன்னலுக்குத் தூக்கப் போனார்.

"கை மடியிலயே இருக்கட்டும் நாகமுத்து" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "காத்து அடிக்குது."

நாகமுத்து கையை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டார்ட் செய்தார்.

அன்று பொன்னேரி பஜாரில் காரைப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். லாரி வளையம், அதில் ஒரு பித்தளைக் குமிழ், அதைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு போகிறார் நாகமுத்து. ஜன்னலில் கையைக் காணோம். "வயசாயிடுச்சு, ஸ்டைலு போச்சு" என்று பேசிக்கொண்டார்கள். கும்மிடிப்பூண்டியில் நடந்தது தெரிந்த நான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஏழு வருஷம் கை காற்றில் தொங்கியதில் தோளில் வலி இருந்திருக்கிறது, மழைக்காலத்தில் தூங்கவே விடாதாம். அதை அவர் பச்சையம்மாவிடம்கூட, வலி நின்ற பிறகுதான் சொன்னார். 1976இல் பாய் அந்தக் காரை விற்கும்வரை அவர்தான் ஓட்டினார். கடைசியாக எடை மேடைக்கு வந்து என்னோடு டீ குடித்தபோது கவனித்தேன், இரண்டு கையும் ஒரே நிறமாகியிருந்தன.